சனி மூலையில் ஒரு விளக்கு

குடைக்கு வேலையில்லாத மாதங்களில்தான் கடலும் அமைதியாக இருக்கும். மழை விட்டு வாடை வீசத் தொடங்கியதும் எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். அதே நாட்களில்தான் தெற்கே கடலோரத்திலிருந்து, பிழைப்புத் தேடிக் களவாகப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு படகுகள் மலேசியாவை நோக்கிக் கிளம்பும். இந்த இரண்டும் ஒன்றாக வந்ததால்தான் நாங்கள் அந்த வேலையில் இறங்கினோம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் படகுகள் போயிருந்தால் கடை முதலாளிக்கு மூச்சு விட நேரம் இருந்திருக்காது. போனை எடுத்து, குடை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பார்.

கடை இருந்தது ரங்கூனில், பபேடான் பகுதியில், பாத்திரக் கடைகள் வரிசையில். தலைக்கு மேலே விரித்த குடைகளை நெருக்கமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். மத்தியானத்தில் கரண்ட் போய்விடும். ஃபேன் நின்றதும் குடைகள் மட்டும் ஏதோ ஒரு காற்றில் மெதுவாகச் சுற்றும். அதற்கடியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நான் குடைத்துணி தைப்பேன். பாதி நேரம் தைப்பேன், பாதி நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். தெருவில் போகிற சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி, பள்ளிவாசல் பாங்கு, மொஹிங்கா என்ற மீன்சாறு நூடுல்ஸ் விற்பவளின் குரல் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்கும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். யாராவது வந்து எழுப்பினால் எரிந்து விழுவேன்.

முதலாளியை எல்லோரும் காக்கா என்போம். அவருடைய தகப்பனார் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பதால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பு வந்துவிடும். ரங்கூன் காக்கைகளுக்குக் குறைவில்லாத ஊர். கடை வாசலில் நான் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவரே கேலி செய்வார்.

கடையில் ஒரு போன் இருந்தது. இன்று யாருக்கும் புரியாது, அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு கடையில் போன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது. தெருவே எங்கள் எண்ணைத்தான் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தது. கல்யாணம், சாவு, பரீட்சை முடிவு எல்லாம் எங்கள் குடைகளுக்கு அடியில்தான் வந்து இறங்கும். இரண்டாயிரத்து ஐந்து ஆறு வாக்கில் ஒரு மத்தியானம் அப்படி ஒரு போன் வந்தது. படகுக்காரனின் கைப்போனிலிருந்து பேசியவன் பக்கத்துத் தெருப் பையன். அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் மரத்தில் மோதுகிற சத்தம். படகு நின்றுவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று சொன்னான், அவ்வளவுதான். காக்கா போய் அந்த அம்மாளிடம் சொன்னார். அவள் அழவில்லை. சரி, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். போன் யாரிடம் வந்ததோ அவர்தானே ஏதாவது செய்ய வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

காக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் மலேசியாவில், கெடாவில் இருந்த தன் மச்சானைத் தேடிப் பிடித்தார். மச்சான் அங்கே மீன்பிடித் துறையில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறவர். ஒரே வீட்டிலிருந்து ஒரு அண்ணன் ரங்கூனுக்கும், அவர் தங்கையின் கணவர் மலேயாவுக்கும் பிழைக்கப் போனதில் வந்த உறவு. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர் தமக்குத் தெரிந்த மீனவர்களிடம் சொல்ல, அவர்கள் அந்தப் படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் எண் வாய்வழியாகப் பரவியது. உதவி மையம் என்றெல்லாம் நாங்கள் பெயர் வைக்கவில்லை. படகிலிருந்து எங்களுக்குப் பேசுவார்கள், நாங்கள் ஐஸ்காரருக்குச் சொல்வோம், அவர் மீனவர்களுக்குச் சொல்வார். இவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம்.

ஒரே ஒரு கண்டிப்பு இருந்தது. போனில் தமிழில்தான் பேச வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பேச்சு வேறு யார் காதில் விழும் என்று தெரியாது. வெறும் தமிழாக இருந்தாலும் போதாது என்று காக்கா குடை பாஷை ஒன்றைக் கண்டுபிடித்தார். படகு என்றால் குடை. எஞ்சின் நின்றால் கைப்பிடி உடைந்துவிட்டது. தண்ணீர் ஏறினால் துணி கிழிந்துவிட்டது. கரை சேர்ந்தால் குடை மடக்கியாச்சு. ஆட்கள்தான் கம்பிகள். இதில் ஒரு கூத்தும் நடந்தது. உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, நேற்று வாங்கிய குடையின் துணி கிழிந்துவிட்டது என்று சண்டை போட்டார். காக்கா பதறிப்போய், எத்தனை பேர் இருக்கிறீர்கள், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கமே வரவில்லை.

கிளம்புகிறவர்கள் முன்கூட்டியே கடைக்கு வந்து எண்ணையும் குடை பாஷையையும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். ஒரு வருடம் மார்கழிக்கு முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியினிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் தமிழன், அவன் மனைவி, அவனுடைய கூட்டாளி. கூட்டாளி பர்மியன், ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். தொழிற்சாலையில் ஆள் குறைத்ததில் இருவருக்கும் வேலை போயிருந்தது. கணவனுக்கு நாம் பேசினால் தமிழ் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். துணி கிழிஞ்சிருச்சு என்று சொல்லச் சொன்னால், துணி செத்துப்போச்சு என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு உதட்டை அசைத்து அசைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அவனுக்குள் ஒரு ரோஷம் இருந்தது. தமிழனாகப் பிறந்து தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லையே என்ற ரோஷம்.

கூட்டாளி எதற்கும் சிரிப்பவன். அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று நான் பர்மிய மொழியில் கேட்டேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு விலங்கு உண்டு. புதன்கிழமையை மட்டும் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். காலையில் பிறந்தவனுக்குத் தந்தமுள்ள யானை, சாயங்காலம் பிறந்தவனுக்குத் தந்தமில்லாத யானை. தான் புதன் சாயங்காலம் பிறந்தவன் என்றும், தந்தம் இல்லாத யானைக்குக் கனம் குறைவு, அதனால் நன்றாக நீந்தும் என்றும் அவன் சொன்னான். அவன் சிரித்ததைப் பார்த்து அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவள் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா மரச்சாந்து காய்ந்து, சிரிக்கும்போது வெடித்தது. இதெல்லாம் ஏன் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஆண்கள் இருவரும் படகேறிப் போன பிறகு அவள் தினமும் பாலம் தாண்டி பஸ்ஸில் கடைக்கு வந்துவிடுவாள். வந்து குடைத்துணிக் கட்டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். போனைப் பார்க்க மாட்டாள், மேலே சுற்றும் குடைகளையே பார்ப்பாள். எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சு அதிகம் இல்லை. நான் தைப்பேன், அவள் நூல் கோத்துக் கொடுப்பாள். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலை, கடை திறந்து அவளும் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. காக்கா எடுத்தார். அவள் கணவன்தான். எங்களுக்கும் கேட்கும்படி காக்கா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கைப்பிடி உடைஞ்சிருச்சு, துணி கிழிஞ்சிருச்சு என்று பிசகில்லாமல் சொன்னான். அடுத்து அவன் சொல்ல வேண்டியதற்குக் குடை பாஷையில் வார்த்தை இல்லை. கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"காக்கா, விடியுற வரைக்கும் சனி மூலையில ஒரு விளக்கு மின்னிச்சு. ரெண்டு தரம் மின்னும், நிக்கும். ரெண்டு தரம் மின்னும், நிக்கும்."

அவ்வளவுதான். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, லைன் அறுந்தது. அவன் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். அவன் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினான் என்று நான் அவளிடம் பர்மிய மொழியில் சொன்னேன். அவளுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் இருந்தது.

வெளிநாட்டுக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் புக் செய்து காத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சீக்கிரமே கிடைத்தது. இரண்டு தரம் மின்னுகிற விளக்கு என்றதும், அது எந்தத் தீவின் கலங்கரை விளக்கம் என்று ஐஸ்காரருக்குத் தெரிந்துவிட்டது. விளக்கு படகுக்கு எந்தத் திசையில் தெரிந்தது என்று கேட்டார். சனி மூலையில் என்று காக்கா சொன்னார். வடகிழக்குதானே, சரி, அப்படியானால் படகு விளக்குக்குத் தென்மேற்கே, வெளிக்கடலில் கிடக்கிறது, ஆட்களை அனுப்புகிறேன் என்று அவர் வைத்துவிட்டார். தமிழ் பேசுகிற யாரிடம் கேட்டாலும் சனி மூலை என்றால் வடகிழக்குதான். எங்கள் வீட்டில் அப்பா தண்ணீர்ப் பானையைச் சனி மூலையில்தான் வைப்பார். அதனால் எங்கள் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

அந்தப் பகல் நீண்டுகொண்டே போனது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. நான் தைத்த துணியெல்லாம் கோணலாக வந்தது. மத்தியானம் ஐஸ்காரர் கூப்பிட்டு, மூன்று படகுகள் தேடுகின்றன, இன்னும் எதுவும் தெரியவில்லை என்றார். சாயங்காலம் மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பொழுது சாய்ந்தபோது அவளே எழுந்து, பயாவுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்றாள். பகோடாவை நாங்கள் பயா என்போம். பக்கத்தில்தான், நானும் கூடப் போனேன். நான் கோயிலுக்கும் போவேன், பயாவுக்கும் போவேன். இந்த ஊரில் பிறந்தவர்கள் பலரும் அப்படித்தான்.

பயாவைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டுக் கிழமைகள். அந்தந்தக் கிழமையில் பிறந்தவர்களுக்கு அங்கங்கே ஒரு புத்தர் சிலை, ஒரு விலங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவள் கணவன் சனிக்கிழமை பிறந்தவன். சனிக்கிழமைக்கு விலங்கு நாகம். அவள் கிண்ணத்தில் மொண்டு சிலையின் தலையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். நான் பின்னால் நின்றேன். கல் தரையில் பகல் சூடு இன்னும் இருந்தது. யாரோ எங்கோ மணியடித்தார்கள். தங்கநிறத்தில் எல்லாம் உருகி வழிகிறாற்போல இருந்தது. கனவில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். முதுகு சுட்டது. அந்திவெயில்.

நான் அதை முதலில் சுகமாகத்தான் உணர்ந்தேன். பிறகு பார்த்தேன், வெயில் நாகத்தின் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் நிற்பது சனி மூலை. எங்கள் வீட்டுச் சனி மூலைப் பானையில் காலை வெயில்தான் படும். அங்கே ஒரு நாளும் அந்திவெயில் பட்டதில்லை. இங்கே மார்கழிச் சூரியன் இந்த மூலையை ஒட்டியே இறங்குகிறது. பர்மியர்களுக்குச் சனிக்கிழமை மூலை தென்மேற்கு. அவன் தண்ணீர் ஏறிய படகில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த பர்மியச் சொல்லை, தன் கிழமையின் மூலையை, அப்படியே தமிழாக்கிச் சொல்லியிருக்கிறான். அது நல்ல தமிழாகவும் போய்விட்டது. தப்பாகப் பேசியிருந்தாலாவது என்ன சொல்ல வருகிறான் என்று ஒருவராவது யோசித்திருப்போம்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். செருப்பைக்கூடப் போடவில்லை. ஓடிக்கொண்டே அவளிடம் சொன்னேன், விளக்கு படகுக்குத் தென்மேற்கே இருந்திருக்கிறது, படகு விளக்குக்கு வடகிழக்கே, தீவுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கிறது, எல்லோரும் மறுபக்கம் தேடுகிறார்கள் என்று. அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் என்னைவிட வேகமாக ஓடினாள்.

காக்காவிடம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நானும் இந்த ஊர்லதானம்மா பொறந்தேன்" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் புக் செய்தோம், கிடைக்கவில்லை. மறுபடி கேட்டோம், காத்திருங்கள் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போனைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். காக்கா தொழுகைக்குக்கூட எழவில்லை. தெருவிளக்கு இல்லாத அந்திக் கருக்கலில் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மேலே குடைகள் கருத்துக் கருத்து ஒன்றாகிவிட்டன. கடைசியில் ஐஸ்காரரே கூப்பிட்டார். இல்லை, கிடைக்கவில்லை, ஆட்கள் திரும்பிவிட்டார்கள் என்று அவர் ஆரம்பிக்கும்போதே காக்கா குடை பாஷையெல்லாம் மறந்துவிட்டு, "மச்சான், எங்க ஊரு சனி மூலை வேற, உங்க ஊரு சனி மூலை வேற" என்று கத்தினார். புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.  புரிந்ததும் அவர், உடனே போகச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் காலை வந்த போனை நான்தான் எடுத்தேன். ஐஸ்காரர் குரல் சன்னமாக இருந்தது.

"குடை மடக்கியாச்சும்மா. ஒரு கம்பி கொறையுது."

 அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று ஐஸ்காரரே சொன்னார். முந்தின நாள் மத்தியானம் தூரத்தில் ஒரு மீன்படகு போயிருக்கிறது. எல்லோரும் துணியை அசைத்திருக்கிறார்கள். அது திரும்பவில்லை. அப்போது தன்லியின்காரனின் கூட்டாளி, நான் நீந்திப் போய்க் கூப்பிட்டு வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே குதித்தானாம். அந்த மத்தியானத்தில் எங்கள் மூன்று படகுகளும் தீவுக்கு மறுபக்கம் இருந்தன. நான் அவளிடம் முதலில் அவள் கணவன் இருக்கிறான் என்றேன். பிறகு மற்றதைச் சொன்னேன். அவள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுதாள்.

எப்படிக் கரையேறினார்கள், யார் ஒளித்துவைத்தார்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. சில நாள் கழித்து அவன் பேசினான். மனைவியிடம் பர்மிய மொழியில் பேசி முடித்துவிட்டு என்னைக் கேட்டானாம். ரிசீவரை வாங்கினேன்.

"அக்கா, நான் சரியா சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்ன. சுத்தமான தமிழ்" என்றேன்.

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூலை விஷயத்தை அவனுக்குச் சொல்லக் கூடாது என்று நாங்கள் மூவரும் பேசி முடிவெடுக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கூட்டாளியின் அம்மா ஒரு முறை கடைக்கு வந்தாள். காக்கா அவளுக்கு லப்பெயே வரவழைத்துக் கொடுத்தார். அவள் டீயைக் குடிக்காமல், ஆற ஆறப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு கடையில் இன்னொரு கண்டிப்பு சேர்ந்தது. படகில் இருப்பவர்கள் திசை எதைச் சொன்னாலும், சூரியன் உதிக்கிற பக்கமா, மறைகிற பக்கமா என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். கிழக்கு என்றே சொன்னாலும் கேட்போம். காக்கா அதைப் பேரன் பேத்திகளிடமும் கேட்க ஆரம்பித்துவிட்டார். மசூதிப் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவர்கள் சொன்னால்கூட உதிக்கிற பக்கமா மறைகிற பக்கமா என்பார். எனக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது.

அவன் அங்கேயே ஐஸ்காரரிடம் வேலைக்கு இருந்துவிட்டான். மாதம் ஒரு முறை மனைவிக்குப் பேசுவான். அடுத்த வருடம் மழை தொடங்குகிற சமயம், அவள் இல்லாத ஒரு மத்தியானம் போன் அடித்தது. நான் அரைத் தூக்கத்தில் எடுத்தேன். யாரோ மலேசியத் தமிழர் என்று முதலில் நினைத்தேன், அவ்வளவு சரளமாக இருந்தது பேச்சு. அவன்தான் என்று தெரிந்ததும், அவள் இன்றைக்கு வரவில்லையே என்றேன். தெரியும், உங்களிடம்தான் பேச வேண்டும் என்றான். பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து இங்க ஐஸ்காரரு, சனி மூலை கறுத்துருக்கு, மழை வரும்னு சொன்னாரு. நான் திரும்பிப் பார்த்தேன் அக்கா. நான் பார்த்த பக்கம் வானம் சுத்தமா இருந்துச்சு."

 வெளியே தெருவில் முதல் மழை விழுந்தது. நாலைந்து பேர் குடை வாங்க வாசலில் வந்து நின்றார்கள். காக்கா அவர்களிடம் போனார்.  அவன் தமிழ் நன்றாக வளர்ந்துவிட்டதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? நான் வருத்தப்பட்டேன்.

நீ சொன்னது உன் ஊர் மூலை, அதில் தப்பில்லை என்றேன். நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.  ஐஸ் மெஷின் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பயாவுக்குப் போனீங்கன்னா அவன் மூலையில எனக்காக ஒரு கிண்ணம் தண்ணி ஊத்துங்க அக்கா" என்றான்.

புதன் சாயங்காலத்தின் மூலை எது என்று எனக்குத் தெரியும். அந்தத் தந்தமில்லாத யானை எங்கே நிற்கிறது என்பதும் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இருந்தாலும் என் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது, சூரியன் உதிக்கிற பக்கமா, மறைகிற பக்கமா என்று.

"மறையுற பக்கம் அக்கா" என்றான்.